எழினி என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கலாமா, எல்லோரும் சரியாகச் சொல்வார்களா?

தாராளமாக வையுங்கள். என் மகள் பெயர் எழினிதான், ஏழு வயதாகிறது. பெயர் ரொம்ப அரிதாக இருக்கிறதே, "ழ" வேறு வருகிறதே என்று நீங்கள் தயங்குவது எனக்கு நன்றாகவே புரிகிறது, அவள் பிறந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

அரிதான பெயர்தான். யாழினி, மகிழினி, தமிழினி எல்லாம் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன, என் மகள் வகுப்பிலேயே இரண்டு யாழினிகள். எழினி இவள் ஒருத்திதான், பள்ளி முழுக்கத் தேடினாலும்.

பொருளைத் தெரிந்துகொண்டு வையுங்கள். பெயர்ப் பட்டியல்களில் "அழகானவள்" என்று போட்டிருப்பார்கள், எழில் என்ற சொல்லை நினைத்து எழுதுகிறார்கள் போல. ஆனால் எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் மேடையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள் வரும். அது மட்டுமில்லை, சங்க காலத்தில் இது ஆண் பெயர், அதுவும் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் மரபில் வழங்கிய பெயர். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயர் பொகுட்டெழினி. அவனை ஔவையார் புறநானூற்றில் பாடும்போது, உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்தில் வண்டி அச்சு முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களே, அந்தச் சேம அச்சு போன்றவன் நீ என்கிறார். ஒரு பிள்ளையை இதைவிட எப்படிப் பாராட்ட முடியும்? இந்தப் பாட்டைப் படித்த அன்றுதான் நானும் கணவரும் பெயரை முடிவு செய்தோம். "னி" என்று முடிவதால் இப்போது பெண் பெயராகக் காதில் விழுகிறது, யாரும் ஆண் பெயரா என்று கேட்டதில்லை.

அப்புறம் உச்சரிப்பு. என் மாமியார் மதுரைப் பக்கம், இன்று வரை "எளினி" என்றுதான் கூப்பிடுகிறார். வாழைப்பழத்தையே வாளப்பளம் என்று சொல்லும் வாய், பேத்திக்காக அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த "எளினி"க்கு என் மகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மலையாளிகளுக்குச் சிக்கலே இல்லை, அவர்களிடமும் ழ இருக்கிறது. நாங்கள் இருப்பது பெங்களூரு, இங்கே மற்றவர்கள் எஜினி, எஸினி, எலினி என்று என்னென்னவோ சொல்வார்கள். நாக்கின் நுனியைப் பின்னால் வளைத்து, மேல் அண்ணத்தைத் தொடாமல் சொல்லச் சொல்லுங்கள், தொட்டால் ள ஆகிவிடும். இரண்டு மூன்று தடவையில் பலருக்கு வந்துவிடுகிறது. வராதவர்கள் எலினி என்று சொன்னால் சரி என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையான தலைவலி ஆங்கில எழுத்துதான். எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் "எழிலினி" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள், கவனிக்காமல் வாங்கி வந்துவிட்டோம், அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்தோம். அதனால் இசட் எச் போடுவதா, எல் போடுவதா என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். கனிமொழிக்கும் கோழிக்கோட்டுக்கும் இசட் எச் பழகிவிட்டது, நாங்களும் அதையே வைத்தோம். வெளிநாட்டில் வளரப்போகிற பிள்ளை என்றால் எல் போடுவது நல்லது என்பேன், ஏனென்றால் ஜ, ஸ என்று கேட்பதைவிட லி என்று கேட்பது ழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதுவானாலும் ஒரே மாதிரி இருக்கட்டும், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் வரும். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம்.

வீட்டுப் பெரியவர்கள் நட்சத்திர எழுத்து கேட்டால், கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்று சொல்வார்கள். உங்கள் குழந்தை கார்த்திகையில் பிறந்தால் அந்தப் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.