பிசுபிசுத்த மேசை, பொய்ப் பெயர் போட்ட டப்பா: பாலிமர் க்ளே வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: வீட்டிலேயே பாலிமர் க்ளே கம்மல் செய்து விற்கிறேன். புது மர மேசை வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. க்ளே வைத்த இடமெல்லாம் வார்னிஷ் இளகிப் பிசுபிசுக்கிறது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டாரா?
– வாசகி, ஈரோடு

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லை. பிவிசி பிளாஸ்டிக் தூளையும், அதை இளக்கி வைக்கும் எண்ணெய் மாதிரியான பிளாஸ்டிசைசரையும் சேர்த்ததுதான் பாலிமர் க்ளே. ஓவனில் சுட்டால்தான் கெட்டியாகும். சுடாத க்ளேயிலிருந்து அந்த எண்ணெய் தொட்ட பொருளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாருங்கள். ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கிடக்கும். பிய்த்து எடுத்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்கும். வினைல் ரப்பரிலும் இதே எண்ணெய்தான் வேலை செய்கிறது.

டைல்ஸ் கடையில் மிச்சம் விழுந்த ஒரு அடிக்கு ஒரு அடி வழவழப்பான செராமிக் டைல் கேளுங்கள். இல்லையென்றால் 6 மி.மீ. கண்ணாடியை ஓரம் பாலிஷ் போட்டு வாங்கி, அடியில் கட்டம் போட்ட வெள்ளைத் தாள் விரியுங்கள். அளவும் தெரியும், தூசியும் தெரியும். டைலில் இன்னொரு வசதி, செய்த உருவைப் பிரித்தெடுக்காமல் டைலோடு ஓவனுக்குள் வைக்கலாம். வேலை முடிந்ததும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கெட்டுப்போன வார்னிஷைத் தேய்த்தெடுத்துப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: க்ளே தேய்க்கும் பாஸ்தா மெஷினைக் குழாயடியில் கழுவலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது, துருப்பிடிக்கும். வேண்டாத க்ளேயை இரண்டு முறை ஓட்டி எடுங்கள். பிறகு ஆல்கஹாலில் நனைத்த துணியால் உருளைகளையும் அடியிலுள்ள தகடுகளையும் துடையுங்கள். வெள்ளை க்ளேயின் ஓரத்தில் வரும் கறுப்புக் கோடு அந்தத் தகடுகளிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: வெள்ளை க்ளேயில் எப்போதும் நூலும் துகளும் ஏறுகின்றன. விலை உயர்ந்த பிராண்டுக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மாறாதீர்கள், காசு வீண். எந்த பிராண்டும் தூசியை இழுக்கும். வரிசையை மாற்றுங்கள்: வெள்ளை முதலில், பிறகு மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு. வெள்ளையைத் தொடும் முன் கையை ஈர வைப்ஸால் துடைத்து, ஒரு உருண்டை பழைய வெள்ளை க்ளேயை உள்ளங்கையில் உருட்டுங்கள். மிச்சத் துகளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மேசைக்கு நேர் மேலே ஃபேன் வேண்டாம். டிஷ்யூ பேப்பரும் பழைய பனியன் துணியும் நார் உதிர்க்கும், அதனால் துடைப்பது நூல் உதிராத மைக்ரோஃபைபராக இருக்கட்டும்.

ஏறிவிட்ட தூசியைச் சுடும் முன் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் எடுக்கலாம். சுட்ட பிறகு என்றால் அசிட்டோன். ஒரு தடவை லேசாக ஓட்டினால் போதும். அழுத்தித் தேய்த்தால் மேல்பரப்பே கரைந்து பிசுபிசுக்கும்.

கேள்வி: ஆன்லைனில் '36 கலர் பாலிமர் க்ளே கிட்' வாங்கினேன். சுட்டால் கெட்டியாகவில்லை. ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குகிறது. பாக்கெட் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கவனக்குறைவு இதில் எதுவும் இல்லை. வந்தது காற்றில் உலரும் ஃபோம் க்ளே. அது நல்ல பொருள்தான், குழந்தைகள் விளையாட ஏற்றது. ஆனால் பாலிமர் க்ளே என்ற பெயரில் அதை விற்பது பொய். இந்தப் பொய் வருஷக் கணக்காக நடக்கிறது. முதல் ஆர்டரை வாங்கிக்கொண்டு பயந்து பயந்து தொழில் தொடங்கும் பெண்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். கம்மலை வாங்கியவர் ஒரு மழையில் நனைந்தால் போதும், செய்தவரின் பெயர் கெடுகிறது. டப்பாவுக்குப் பொய்ப் பெயர் போட்டவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

சோதிப்பது சுலபம். பட்டாணி அளவு கிள்ளித் திறந்த தட்டில் ஒரு நாள் வையுங்கள். காய்ந்து எடை குறைந்தால் ஃபோம். பாலிமர் க்ளே இளகியபடியே இருக்கும். வாங்கும் முன்பே பின்பக்கப் படத்தில் சுடும் சூட்டைத் தேடுங்கள். ஃபீமோ பிராண்டில் 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்ப்பி பிராண்டில் 130 என்று தெளிவாக அச்சிட்டிருப்பார்கள். சூடே போடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, இறக்குமதி என்றால் எந்த நாட்டுச் சரக்கு என்பது, இவையெல்லாம் சட்டப்படி இருக்க வேண்டியவை. 'நான் டாக்ஸிக்' என்ற இரண்டு வார்த்தை இவற்றுக்கு ஈடாகாது.

விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். பில், டப்பா படம், அமுங்கும் கம்மலின் வீடியோ சேர்த்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பிரித்துப் பார்க்காமல் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணமும் இல்லை.

கேள்வி: சீக்கிரம் வேகட்டும் என்று 200 டிகிரியில் வைத்தேன். புகை வந்து ஓவன் நாறுகிறது. ஓவன் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: முடியாது. பாக்கெட்டைப் படிக்காமல் வைத்தது நீங்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். ஜன்னலைத் திறந்து ஆற விட்டு, உட்புறம் முழுக்கத் துடைக்காமல் அதில் சமைக்காதீர்கள். இனி தனி ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: மிச்ச க்ளேயை எதில் வைப்பது? வாங்கிய பெட்டி உருகுகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும், தட்டினால் டக்கென்று சத்தம் வரும் அறைப் பெட்டிதானே? அது பாலிஸ்டைரின். நானும் இரண்டு வாங்கி, இரண்டின் அடிப்பாகமும் குழிந்துபோனது. அடியில் முக்கோணத்துக்குள் 6 இருந்தால் வாங்காதீர்கள். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், தாராளமாக வைக்கலாம். தாளில் மட்டும் சுற்றாதீர்கள், தாள் எண்ணெயை உறிஞ்சி க்ளே பொடிப்பொடியாக உதிரும். நிறம் நிறமாக ஜிப்லாக் கவரில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.