பல்லை வெள்ளையாக்க கிளினிக்கில் செய்துகொள்வது நல்லதா, வீட்டிலேயே செய்தால் போதுமா?

கிளினிக்கில் ஒரே உட்காரலில் முடிப்பது, கடையில் வாங்கிய ஸ்ட்ரிப்பை (வெண்மையாக்கும் ஜெல் தடவிய மெல்லிய பட்டை) வீட்டில் ஒட்டுவது, இந்த இரண்டையும்தான் இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. பல் மருத்துவர் உங்கள் பல்வரிசைக்கு அளவெடுத்து, பல்லின் மேல் மாட்டும் உறை போன்ற ட்ரே செய்து தருவார். அதில் வெண்மையாக்கும் ஜெல் விட்டு வீட்டில் போட்டுக்கொள்வது. அவசரம் இல்லாத பெரும்பாலோருக்கு இதுதான் சரி என்பது என் கருத்து.

ஆனால் எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் எந்தக் கறை என்று பார்க்க வேண்டும். டீ, காபி, புகையிலை, சில மவுத்வாஷ் இவற்றால் பல்லின் மேல் படியும் பழுப்பு ஒரு வகை. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (படிவைச் சுரண்டி எடுப்பது) செய்து பாலிஷ் போட்டாலே அது போய்விடும். பலருக்கு அத்தோடு திருப்தி வந்துவிடும், வெண்மையாக்கமே தேவைப்படாது. இன்னொரு வகை பல்லுக்குள்ளேயே இருக்கும் நிறம். வயதாக ஆக பல்லின் மேலுறையான எனாமல் தேய்ந்து மெலிகிறது, அதன் கீழே உள்ள மஞ்சள் நிற டென்டின் தடிக்கிறது. எவ்வளவு தேய்த்துத் துலக்கினாலும் இந்த மஞ்சள் போகாது. வெண்மையாக்கும் ஜெல்லில் உள்ள பெராக்சைடு வேலை செய்வது இங்கேதான். மஞ்சள், இளம்பழுப்பு என்றால் நன்றாக வெளுக்கும். சாம்பல், நீலச் சாம்பல் என்றால் மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் வெளுக்கும். சிறு வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் பட்டை பட்டையாக வந்த கறைக்கு இரண்டு வாரம் போதாது. இரவு ட்ரேயை இரண்டு முதல் ஆறு மாதம் வரை தொடர வேண்டியிருக்கும். ஃப்ளோரோசிஸ் (சிறு வயதில் ஃப்ளோரைடு அதிகமானதால் வரும்) வெண்புள்ளிகளோ முதல் சில நாட்களில் இன்னும் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். சுற்றியுள்ள பல் வெளுக்க வெளுக்க வித்தியாசம் குறையும், ஆனால் புள்ளி போகாது. அதற்கு மேற்பரப்பைச் சற்றே சுரண்டும் முறையோ, ரெசின் என்ற பிசின் போன்ற பொருளை ஊடுருவச் செய்யும் முறையோ தனியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் வேதியியல் ஒன்றுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்து நிறமற்றவை ஆக்குகிறது. கார்பமைடு பெராக்சைடு என்பது அதையே யூரியாவோடு சேர்த்துக் கட்டியது. 10% கார்பமைடு என்றால் ஏறக்குறைய 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டு பெட்டிகளில் உள்ள சதவீதத்தை நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு: '16%' என்று போட்ட கார்பமைடு ஜெல், '6%' ஹைட்ரஜன் பெராக்சைடு ஸ்ட்ரிப்பைவிடச் சற்று மென்மையானது. இன்னொரு வேறுபாடு வேகத்தில். ஹைட்ரஜன் பெராக்சைடு அரை மணி, ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ட்ரேயில் விட்ட 10% கார்பமைடில் இரண்டு மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் வீரியம் மிச்சம் இருக்கும். இரவு முழுக்கப் போடச் சொல்வது இதனால்தான்.

கிளினிக்கில் என்ன நடக்கும்? 25 முதல் 40% வரையிலான ஹைட்ரஜன் பெராக்சைடு. இது தோலில் பட்டால் சுட்டுவிடும் அளவு, அதனால் உதடு, கன்னத்தை விரித்துப் பிடித்து, ஈறு ஓரம் முழுக்க ரெசின் பூசி, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். அந்தத் தடுப்புதான் மொத்த வேலையின் உயிர். இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் முக்கோண ஈறு நுனியில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் அந்த இடம் வெளுத்துப்போய் எரியும். பிறகு ஜெல்லைப் பூசி 15 நிமிடம் போல வைத்து, உறிஞ்சி எடுத்து, மறுபடி பூசுவார்கள். வழக்கமாக மூன்று சுற்று. ஜெல் பல்லில் இருக்கும்போது எங்கேயாவது சுருக்கென்று எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையைத் தூக்குங்கள், 'கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்று விடக்கூடாது.

இதில் இரண்டு விஷயங்களை விளம்பரம் சொல்வதில்லை. ஒன்று, அந்த நீல விளக்கு. இறுதி நிறத்தில் அதனால் நிலைத்த பயன் இல்லை என்பதுதான் ஒப்பீட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் முடிவு. சூடு தரும் விளக்கு என்றால் பல் கூச்சம் கூடலாம். வீட்டு கிட்டோடு வரும் பேட்டரி விளக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு, நாற்காலியிலிருந்து எழுந்ததும் கண்ணாடியில் தெரியும் அந்த வெள்ளை முழுக்க உண்மையல்ல. ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததால் பல் உலர்ந்திருக்கிறது, உலர்ந்த எனாமல் வெள்ளையாகத் தெரியும். ஓரிரு நாளில் ஈரம் ஏறியதும் நிறம் சற்று இறங்கும், அசல் நிறம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாற்காலியிலேயே எடுக்கும் 'முன்-பின்' படங்களை இதை மனதில் வைத்துப் பாருங்கள். ஒரே உட்காரலில் விரும்பிய நிறம் வராமல் இரண்டு, மூன்று முறை போக வேண்டி வருவதும் சாதாரணம். பத்து நாளில் கல்யாணம் என்றால் கிளினிக் வழி பொருத்தம். ட்ரே போட்டால் குமட்டுகிறது என்பவர்களுக்கும் அதுவே.

ட்ரே முறை 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்றாகச் செய்தால் இதைவிடச் சீரான பலன் வேறெதிலும் வராது. அரைகுறையாகச் செய்தால் ஜெல் முழுக்க வயிற்றுக்குத்தான் போகும்.

மருத்துவர் அச்சு எடுத்து, மாதிரிப் பல்வரிசை வார்த்து, அதன் மேல் ஒரு மி.மீ. அளவு தடிப்புள்ள மென்பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்துப் படிய வைத்து, ஈறு ஓரத்தை ஒட்டி வெட்டித் தருவார். முதலில் ஜெல் இல்லாமல் போட்டுப் பாருங்கள். எங்கேயாவது ஈறில் குத்தினால் அங்கேயே சொல்லித் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பல் துலக்கி, இடுக்கில் நூலும் விட்ட பிறகு, ட்ரேயின் உட்பக்கத்தில் உதட்டைப் பார்த்த சுவரில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு அரிசி அளவு ஜெல். பல் நுனிக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்க வேண்டும். கடைவாய்ப்பற்களுக்குத் தேவையில்லை, சிரித்தால் தெரியும் பற்கள் போதும். ஒரு தாடைக்கு அரை மி.லி. தாண்டாது. ட்ரேயைப் போட்டு, ஜெல் பரவும் அளவுக்கு மட்டும் விரலால் மெல்ல அழுத்துங்கள். ஈறின் மேல் பிதுங்கி வருவதை உலர்ந்த பிரஷ்ஷாலோ டிஷ்யூவாலோ துடைத்துவிடுங்கள். வழக்கமான தப்பு ஜெல்லை அதிகமாக வைப்பது. அதிகம் வைத்தால் பல் அதிகம் வெளுக்காது, ஈறுதான் வெளுக்கும்.

காலையில் எடுத்து, பல்லில் ஒட்டியிருப்பதைத் துலக்கி, ட்ரேயைக் குளிர்ந்த நீரில் கழுவி உலர விடுங்கள். வெந்நீர் பட்டால் கோணிவிடும். மஞ்சள் பற்களுக்கு இரண்டு வாரம் போல ஆகும். புகையிலைக் கறை ஊறிப்போயிருந்தால் ஒன்று முதல் மூன்று மாதம். முதலில் மேல்வரிசையை மட்டும் செய்யுங்கள். கீழ்வரிசை பழைய நிறத்தில் இருப்பதால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கூடவே வாரம் ஒருமுறை ஒரே ஜன்னலோரம், ஒரே நேரத்தில், வாயருகே வெள்ளைத் தாள் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். கோரைப்பல் எப்போதும் கடைசியில்தான் வெளுக்கும், அதற்காக மற்ற பற்களை வதைக்க வேண்டாம்; அந்த இரண்டு பல்லுக்கு மட்டும் ஜெல் வைத்துச் சில நாள் தொடரலாம். மூன்று நான்கு நாளாக மாற்றமே இல்லை, அல்லது பல் உங்கள் கண்ணின் வெள்ளையோடு ஒத்துவந்துவிட்டது என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் இழுத்தால் முன்பல் நுனி கண்ணாடி போல ஊடு தெரிந்து சாம்பலாகத் தோன்ற ஆரம்பிக்கும். நுனியில் எனாமலுக்குப் பின்னால் டென்டின் இல்லை, வாயின் இருட்டுதான் தெரிகிறது.

வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சு பிடிக்கும் ரெடிமேட் ட்ரே இதற்கு மாற்று ஆகாது. பொருத்தம் தளர்ந்தால் எச்சில் உள்ளே போகும், எச்சிலில் உள்ள என்சைம்கள் பெராக்சைடைச் சிதைத்துவிடும்.

ஸ்ட்ரிப் மோசமில்லை. ஒழுங்கான பல்வரிசை, லேசான மஞ்சள் என்றால் நன்றாகவே வேலை செய்யும். வளைந்த, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பற்கள் என்றால் ஸ்ட்ரிப் தொடாத ஓரங்கள் மஞ்சளாகவே நின்று திட்டுத் திட்டாகத் தெரியும். ஒட்டும் முன் பல்லை டிஷ்யூவால் துடைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். ஓரம் ஈறின் மேல் ஏறாமல் பல்லோடு நிற்க வேண்டும், மீதியை உட்பக்கம் மடித்துவிடுங்கள். அரை மணி என்று போட்டிருந்தால் அரை மணிதான். இரட்டை நேரம் வைத்தால் இரட்டை வெண்மை வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1%க்கு மேல் 6% வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருட்களைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். 18 வயதுக்குக் கீழ் கூடாது. பெட்டியில் சதவீதமே போடாமல் இணையத்தில் விற்கும் ஜெல்லை ஏன் வாங்கக்கூடாது என்பது இதிலிருந்து புரியும்.

கூச்சம் எந்த வழியிலும் வரலாம். பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழ் வரை போய்விடுகிறது. ஒன்றும் படாமலேயே ஒரு பல்லில் சுரீரென்று மின்னல் வெட்டினாற்போல வந்து போகும். கிளினிக் முறையில் முதல் ஒன்றிரண்டு நாள் கடுமையாக இருக்கும். ட்ரேயில் மெதுவாக வரும், நிறுத்தினால் அடங்கும். ஏற்கெனவே குளிர்ந்த நீருக்குக் கூசும் பல் என்றால், இரண்டு வாரம் முன்பே 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டுக்கு மாறுங்கள். கூச்சம் வந்துவிட்டால் அதே பேஸ்ட்டை ட்ரேயில் விட்டு 10 முதல் 30 நிமிடம் போட்டுக்கொள்ளலாம், ஜெல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கலாம். கடித்தால் மட்டும் வலி, எல்லாப் பல்லிலும் அழுத்தம் என்றால் அது பெராக்சைடு அல்ல. ட்ரே இறுக்கமாக இருக்கிறது. ஈறில் வெள்ளைத் திட்டு வந்தால் நன்றாகக் கொப்பளித்து, ஆறும் வரை ஜெல்லை நிறுத்துங்கள். லேசானது ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

முன்பல்லில் ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் அது வெளுக்காது. சுற்றியுள்ளவை வெளுத்தபின் அது மட்டும் மஞ்சளாக நிற்கும், மாற்றச் செலவாகும். இதை முதலிலேயே கணக்கில் எடுங்கள். புது ஃபில்லிங்கை வெண்மையாக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்தே வைக்க வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசின் ஒட்டுவதைக் கெடுக்கும், நிறமும் அதற்குள் நிலைத்திருக்காது. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் ட்ரே, ஸ்ட்ரிப் எதுவும் தொடாமல் எக்ஸ்ரே எடுங்கள். அடிபட்டு நரம்பு செத்த பல்லாக இருக்கலாம். வேர் சிகிச்சை முடித்து, உள்ளே மருந்து வைத்து மூடி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றி உள்ளிருந்தே வெளுக்க வைப்பார்கள்.

கரித்தூள், எலுமிச்சை? கரி மேற்கறையைச் சுரண்டும், கூடவே எனாமலையும். எலுமிச்சைச் சாறு அமிலம், பிஎச் 5.5க்குக் கீழ் போனாலே எனாமல் கரையத் தொடங்கும், கரைந்தது மறுபடி வளராது. மெலிந்த எனாமல் வழியாக மஞ்சள் டென்டின் இன்னும் அதிகம் தெரியும், அதாவது கேட்டதற்கு நேர் எதிர் பலன். 'வெண்மை' பேஸ்ட்கள் மேற்கறைக்கு மட்டும். சிலவற்றில் இருக்கும் நீல நிறமி மஞ்சளை மறைத்துக் காட்டும், சில மணி நேரம்தான். பல் மருத்துவர் அல்லாதவர்கள் அழகு நிலையங்களில் குளோரின் டை ஆக்சைடு போட்டுச் செய்வதைத் தவிருங்கள்; அது அமிலத்தன்மை உள்ளது, பல்லின் பளபளப்பையே எடுத்துவிடும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடலாம். சொத்தை, விரிசல், ஈறு நோய் இருந்தால் அது முதலில். ஈறு இறங்கி வேர் தெரிந்தால் அந்தப் பகுதி வெளுக்காது, கூசும்.

எந்த முறையானாலும் நிரந்தரமில்லை, ஓரிரு வருடத்தில் நிறம் மெல்ல இறங்கும். கிளினிக்கில் செய்தவர் மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டும். ட்ரே வைத்திருப்பவருக்கு இரண்டு மூன்று இரவு போதும், ஜெல் மட்டும் புதிதாக வாங்கினால் சரி. மிச்ச ஜெல் சிரிஞ்சை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். காலாவதித் தேதி தாண்டியதில் பெராக்சைடு பெரும்பாலும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் போயிருக்கும். ட்ரே செய்யும்போது வார்த்த மாதிரிப் பல்வரிசையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; ட்ரே தொலைந்தாலோ கிழிந்தாலோ, நடுவில் பல் எடுக்காமலும் புது கேப் போடாமலும் இருந்தால், மறுபடி அளவெடுக்காமலே புதிது செய்துவிடலாம்.