கூண்டு வண்டியைப் புதுப்பிக்கும்போது எதை மாற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும்?

கேள்வி: மேலூருக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டுத் தொழுவத்தில் தாத்தா காலத்து வில் வைத்த கூண்டு வண்டி ஒன்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. அழகர்கோவில் ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு அதில்தான் போய்வருவோம். அடுத்த ஆடிக்குள் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு பட்டறைக்காரர், மரச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு டயர் சக்கரம் பொருத்தி, கூண்டுக்குத் தகரம் அடித்து, பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டி வார்னிஷ் பூசி 65,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கழற்றும் சக்கரங்களை அவரே எடுத்துக்கொள்வாராம். வேறொரு மர ஆசாரி, பழைய முறையிலேயே செய்ய 1,20,000 ரூபாய் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது? – ஒரு வாசகர், மேலூர் வட்டாரம்

பதில்: பட்டறைக்காரர் கேட்பது 65,000 ரூபாயும் இரண்டு மரச் சக்கரங்களும் என்பதை முதலில் கவனியுங்கள். பழைய வண்டிச் சக்கரங்களை விடுதிகளும் உணவகங்களும் அலங்காரத்துக்காகத் தேடி வாங்குகின்றன. உங்கள் சக்கரங்களுக்கு என்ன விலை கிடைக்கும் என்று பழம்பொருள் கடைகள் இரண்டில் விசாரித்து, அந்தத் தொகையை 65,000 ரூபாயோடு கூட்டிய பிறகே இரண்டு விலைகளையும் ஒப்பிட முடியும். அப்போதும் ஆசாரியின் விலை கூடுதலாகவே இருக்கலாம். ஆனாலும் நான் ஆசாரியிடமே கொடுப்பேன். அதற்குக் காரணம் வெறும் பழமைப் பற்று அல்ல, வண்டியின் கட்டுமானம்.

மாடுகளின் கழுத்து உயரத்துக்கும் சக்கரத்தின் விட்டத்துக்கும் பொருந்தும்படிதான் ஏர்க்காலின் (வண்டியிலிருந்து நுகத்தடி வரை நீளும் நடுமரத்தின்) சாய்வு வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய மரச் சக்கரத்தை எடுத்துவிட்டுச் சிறிய டயர் சக்கரத்தைப் பொருத்தினால் அச்சு தாழ்ந்து, வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து, பின்பாரம் ஏறிவிடும். நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ள, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கட்டை கொடுத்து உயர்த்திச் சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். அப்படிச் செய்யலாம்தான், ஆனால் அதன்பின் உங்களிடம் இருப்பது தாத்தாவின் கூண்டைத் தலையில் சுமந்த வேறொரு வண்டி.

வண்டியின் பழைய தன்மையைக் காப்பது என்றால் ஒன்றையும் மாற்றாமல் வைத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுகிற வண்டிக்கு அது பொருந்தாது. உங்கள் தாத்தா காலத்திலேயே ஆரக்கால்களும் வட்டைகளும் (சக்கர விளிம்பின் வளைந்த மரத்துண்டுகளும்) பலமுறை மாற்றப்பட்டிருக்கும். பாரம் தாங்கும் உறுப்பு கெட்டிருந்தால் தயங்காமல் புது மரம் போடுங்கள், ஆனால் அதே இன மரத்தில், அதே பொருத்து முறையில் போடுங்கள். பாரம் தாங்காத, கைபட்டு வழுவழுப்பான, கால்பட்டுத் தேய்ந்த உறுப்புகளை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். பின்படியில் உங்கள் பாட்டி ஏறி இறங்கிய இடத்தில் விழுந்திருக்கும் பள்ளத்தை எந்த ஆசாரியாலும் திரும்பச் செய்ய முடியாது. இழைப்புளியை அதன் பக்கம் கொண்டுபோகவே விடாதீர்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் வண்டியை நான்கு பக்கமும், அடியிலும், கூண்டின் உள்ளேயும் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு உறுப்பிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டச் சொல்லுங்கள். நீண்ட காலம் சேர்ந்து தேய்ந்த அச்சும் குடமும் (சக்கரத்தின் நடுக்கட்டையும்) ஒன்றுக்கொன்று பழகியவை என்பதால் இடச் சக்கரத்தை வலப்பக்கம் மாட்டினால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

செலவில் பெரும்பகுதி சக்கரத்துக்குத்தான் போகும். ஒவ்வோர் ஆரக்காலையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: இறுக்கமாக இருப்பது கணீரென்று ஒலிக்கும், இளகியதும் உளுத்ததும் மந்தமாக ஒலிக்கும். வட்டைத் துண்டுகள் சேரும் இடங்களில் இடைவெளி விழுந்திருந்தாலோ, சக்கரத்தைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டா கையால் அசைத்தால் ஆடினாலோ மரம் சுருங்கிவிட்டது என்று பொருள். இருபது ஆண்டு ஓடாமல் நின்ற வண்டிக்கு இது இயல்பு. சக்கரமே போய்விட்டது என்று யாரேனும் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். குளத்தில் ஊறவைத்து இறுக்குவது அன்றைய பயணத்துக்கு உதவுமே தவிர, காய்ந்தவுடன் சக்கரம் மறுபடியும் இளகிவிடும். சரியான வழி, பட்டாவைக் கழற்றி, சிறிது வெட்டி, மீண்டும் இணைத்து, காய்ச்சி ஏற்றுவதுதான். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 15 அடி 8 அங்குலம். பட்டாவை அதைவிடச் சற்றுக் குறைவான அளவில் செய்து நெருப்பில் 500 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால், அது ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகமாக நீண்டு வட்டையின் மேல் ஏறிவிடும். உடனே நீரை ஊற்றும்போது இரும்பு சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒரே பிடியாக இறுக்கிவிடுகிறது. இந்த இறுக்கத்தைப் பசையும் ஆணியும் தர மாட்டா. இது மர ஆசாரியும் கொல்லரும் சேர்ந்து செய்யும் வேலை. அந்த 1,20,000 ரூபாயில் கொல்லர் கூலி அடங்கியிருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான தகராறுகள் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆரக்காலுக்கும் வட்டைக்கும் நம் பக்கத்தில் கருவேலம் நம்பகமானது. பூவரசும் வாகையும் வண்டி வேலைக்குப் பழகிய மரங்களே. நுகத்தடிக்கு எடை குறைந்த மஞ்சணத்தி நல்லது. எந்த மரமானாலும் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் ஆரக்கால் செய்தால் முதல் கோடையிலேயே சக்கரம் இளகும். ஒரு துண்டை வாங்கி எடை பார்த்து, நிழலில் பத்து நாள் வைத்து மீண்டும் எடை பாருங்கள். எடை தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த மரம் இன்னும் காயவில்லை. நல்ல ஆசாரி இந்தச் சோதனைக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வில்பட்டைகளைப் பிரித்துத் துருவை நீக்கி, இடையில் கிரீஸ் தடவிச் சேர்த்தாலே பெரும்பாலும் போதும். ஒரு பட்டை முறிந்திருந்தால் அதை வெல்டிங் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் எஃகின் முறுக்கு போய்விடும் என்பதால் அதே இடத்தின் அருகில் மறுபடியும் முறியும். லாரி வில்பட்டை செய்யும் பட்டறையில் அதே கனத்திலும் அதே வளைவிலும் புதுப் பட்டை செய்து வாங்கலாம்.

கூண்டுக்குத் தகரம் வேண்டவே வேண்டாம். மதுரை வெயிலில் அதற்குள் குழந்தைகளை உட்கார வைக்க முடியாது. உடைந்த மூங்கில் தப்பைகளை மட்டும் மாற்றுங்கள். புது மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால்தான் வண்டு விழுந்து உளுக்கிறது. சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு, காயவைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் தோய்த்துப் பயன்படுத்தினால் நெடுநாள் தாங்கும். மேலே பாய், மழைக்கு மட்டும் கழற்றி மாட்டக்கூடிய படுதா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளின் பூச்சில், குறிப்பாக அடிப்பூச்சாகப் பூசிய செந்தூரத்தில், ஈயம் இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எந்திரம் வைத்து உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூள் வீடெங்கும் பறந்து குழந்தைகளின் உடலில் சேரும். உதிர்ந்த பெயிண்டை நக்கும் மாடுகளுக்கும் ஈய நஞ்சு ஏறும். தளர்ந்து உதிரும் இடங்களை மட்டும் நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, ஈரத்தாளால் தேய்த்து, தூளைத் துணியில் திரட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சு அப்படியே இருக்கட்டும். முதல் நிறம் எது என்று அறிய, மறைவான ஓர் இடத்தில் பழைய நாலணா அகலத்துக்கு ஈரத்தாளால் மெல்லத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். உதிர்ந்த இடங்களுக்கு மட்டும் அந்த நிறத்தை ஈயமில்லாத பெயிண்டில் கலந்து பூசிக்கொள்ளலாம். பூச்சில்லாத மரத்துக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் நல்லது. கடைகளில் லின்சீட் எண்ணெய் என்று கேளுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும், ஆகவே விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள். வைக்கோல் போர் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

பணம் முழுவதையும் ஒரே தவணையாகக் கொடுக்காதீர்கள். மரம் வந்து நீங்கள் பார்த்ததும் ஒரு பகுதி, பட்டா ஏற்றியதும் ஒரு பகுதி, மாடு பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகு மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உறுப்புகள் அனைத்தும் உங்களுக்கே சொந்தம் என்ற ஒரு வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மாட்டு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படியான பதிவு தேவையில்லை. ஆனால் 1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகள் இழுவை மாடுகளுக்குப் பொருந்தும். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை மாட்டைப் பூட்டக்கூடாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக்கூடாது. இரவுப் பயணத்துக்கு ஒளிரும் வில்லைகளை ஒரு தனிப் பலகையில் ஒட்டிப் பின்னால் தொங்கவிடுங்கள், பழைய மரத்தில் ஆணி அடிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் "நூறு வருடத்து வண்டி" என்று சொல்லி 90,000 ரூபாய் கேட்கிறார். உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி, மதுரை

பதில்: வயதை அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். கையால் செதுக்கிய மரத்தில் வாச்சியின் (மரம் செதுக்கும் கைக்கருவியின்) சீரற்ற வெட்டுகள் தெரியும். எந்திர அரம்பத்தில் அறுத்த மரத்தில் ஒரே இடைவெளியில் கோடுகள் ஓடும். கூட்டல் குறித் தலை கொண்ட திருகாணிகள் உலகில் 1930களுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தவை. அவை இருந்தால் பிற்காலத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம், அதனாலேயே வண்டி முழுவதும் புதியது என்று ஆகாது. அதைவிட முக்கியமானது தேய்மானம்: கை படும் இடமும் கயிறு உராயும் இடமும் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரேபோலக் கறுத்திருந்தால் அது சாயம். இரண்டு சக்கரங்களின் ஆரக்கால்களையும் எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை வேறுபட்டால் இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம்.

நான் வயதுக்காக விலை கொடுக்க மாட்டேன். உளுக்காத குடமும் வளையாத அச்சும் உள்ள நாற்பது வருடத்து வண்டி, கரையான் தின்ற நூறு வருடத்து வண்டியைவிட உங்களுக்கு நெடுநாள் உழைக்கும். சட்டத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. விற்பவர் பழம்பொருள் வியாபாரியானால் நுகர்வோர் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். சொந்த வண்டியை விற்கும் விவசாயியானால் தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆகவே அவர் சொல்லும் வயதையும் மாற்றிய உறுப்புகளையும் ரசீதில் எழுதி வாங்கிய பின் பணம் கொடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் வில்வண்டிக்கு இரண்டு புதுச் சக்கரங்கள் செய்யக் கொடுத்தோம். கோடை முடிவதற்குள் இரண்டும் இளகிவிட்டன. ஜிஎஸ்டி பில் இல்லாததால் எங்கும் புகார் செய்ய முடியாது என்கிறார் பட்டறைக்காரர். – ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: அவர் சொல்வது சரியல்ல. ஆண்டு மொத்த வரவு (விற்றுமுதல்) 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கூலிப் பட்டறை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதே இல்லை. அதனால் உங்கள் உரிமை போய்விடாது. கையெழுத்து ரசீதும், கைபேசி வழியே பணம் அனுப்பிய பதிவும், வேலை பற்றிப் பேசிக்கொண்ட குறுஞ்செய்திகளும் சான்றாகும். சொந்தப் பயன்பாட்டுக்காகக் கூலி கொடுத்துச் செய்வித்த வேலை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. காயாத மரத்தில் சக்கரம் செய்து கொடுத்தது அந்தச் சேவையின் குறைபாடு.

ஆனாலும் முதலில் அவரிடமே ஒரு வாய்ப்பு கொடுங்கள். இப்போது மரம் நன்றாகச் சுருங்கி முடிந்திருக்கும். பட்டாவை வெட்டி மறுபடியும் ஏற்றினால் சக்கரங்கள் பிழைக்கக்கூடும். வண்டிச் சக்கரம் செய்யத் தெரிந்தவர்கள் அருகிவரும் காலத்தில், பணத்தைத் திரும்பப் பெறுவதைவிட வேலையைச் சரியாகச் செய்து வாங்குவதே உங்களுக்கு லாபம். 15 நாட்களில் தம் செலவில் சரிசெய்து தரும்படி, படங்களை இணைத்துப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் பலன் இல்லையெனில் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அதுவரை அந்தச் சக்கரங்களை வேறு எவரிடமும் கொடுத்துப் பழுது பார்க்காதீர்கள். மரம் காயாமல் இருந்ததற்கு அவற்றில் தெரியும் இடைவெளிகளே உங்கள் முதல் சாட்சி.