புத்தளமா, அம்பாந்தோட்டையா?

கேள்வி: ஆகஸ்டில் ஒரு சனி, ஞாயிறு வெளியே போய்வர யோசிக்கிறோம். நான், கணவர், 68 வயது அம்மா, தரம் 6 படிக்கும் மகன். உப்பு எப்படி விளைகிறது என்று நேரில் பார்த்தே ஆக வேண்டுமாம் அவனுக்கு. ஆனையிறவு இரண்டு நாளுக்குத் தூரம். மிச்சம் புத்தளமும் அம்பாந்தோட்டையும். சொந்த வாகனம் இல்லை. எதற்குப் போனால் செலவழித்த காசுக்குப் பயன்? - வெள்ளவத்தை வாசகி

பதில்: புத்தளம். வாகனம் இல்லை என்று எழுதினீர்களே, அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

தூரத்தைப் பார்த்தால் புத்தளம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், அம்பாந்தோட்டை 240. ஆனால் 2020இல் தெற்கு அதிவேகப் பாதை அம்பாந்தோட்டை வரை நீண்ட பிறகு கார்க்காரருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், ஏனென்றால் புத்தளம் வீதியில் நீர்கொழும்பும் சிலாபமும் ஆளைச் சும்மா விடாது. அம்பாந்தோட்டையில் கஷ்டம் இறங்கிய பிறகுதான். உப்பளம் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், பறவை பார்க்கப் புந்தல இன்னொரு பக்கம், அதற்கு ஜீப் வேறு பிடிக்க வேண்டும். துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போன இடம், நினைத்தபடி உள்ளே போய்க் கப்பல் பார்க்க முடியாது. தயிரும் கித்துள் பாணியும் அருமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கார் வாங்கிய பிறகு போங்கள்.

புத்தளத்துக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினால் போதும். ரயிலும் உண்டு, ஆனால் அது ஆடி அசைந்து போகிற ரயில், அம்மாவின் முழங்காலைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஊருக்குள் தமிழ் தாராளமாகப் புழங்குகிறது, அம்மா தானே கடையில் போய் விலை பேசலாம். பாலாவியிலிருந்து கற்பிட்டி வீதியில் திரும்பினால் உப்பளம் கண்ணில் படும், ஒரு ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு அந்த வெள்ளையில் கண் கூசும். பார்க்க வேண்டியது குவியலை அல்ல, பாத்திகளை. முதல் பாத்தியில் இருப்பது வெறும் களப்புத் தண்ணீர்தான். பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் வற்றி வற்றி, முதலில் ஜிப்சம் படிந்து, கடைசிப் பாத்தியில்தான் உப்பு பூக்கும். மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிடுவார்கள், வடிக்காவிட்டால் உப்பும் கசக்கும், ஈரமும் கோர்க்கும். கிடுகு போட்டு மூடிய குவியல்களையும் மகனுக்குக் காட்டுங்கள். வரம்பில் நிற்கிற ஆளிடம் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம், அது அவர்கள் வேலை செய்கிற இடம். செருப்பைக் கழற்றவும் விடாதீர்கள், உப்புப் பரல் காலைக் கிழிக்கும்.

அதே பக்கத்தில் சீமெந்துத் தொழிற்சாலை, கற்பிட்டி வீதியில் இன்னும் போனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. 900 மெகாவாட், உங்கள் வீட்டு மின்விசிறியும் அதில் கொஞ்சம் சுற்றுகிறது. வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. கடைசியில் கற்பிட்டி, 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கோட்டை.

அப்புறம் காசு விஷயம். ஆகஸ்டில் டொல்பின் காட்டுகிறேன் என்று யாராவது முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டொல்பின் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஆகஸ்டில் கடல் கொந்தளிப்பு. அது காற்றாடிச் சறுக்கு விளையாட வருகிற வெளிநாட்டுக்காரர்களின் காலம், கற்பிட்டியில் அறை விலை ஏறியிருக்கும். மாத ஆரம்பத்தில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாக் கூட்டம் வேறு. ஆகவே மாதக் கடைசியில் போங்கள், புத்தளம் நகரத்திலேயே தங்குங்கள்.

அறை பிடிக்கும்போது "களப்பைப் பார்த்த அறை" என்றால் நம்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி நம்பிப் போய் யன்னலைத் திறந்தால், கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு மதில், அதில் காய்கிற இரண்டு சாரம். களப்பு மொட்டைமாடியில் ஏறினால் தெரியுமாம்! அந்த அறையின் யன்னலிலிருந்தே எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். சொன்ன விலை வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்தா, அம்மாவுக்குக் கீழ்மாடி அறை உண்டா, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டோவுக்கும் போகவர, காத்து நிற்க எல்லாம் சேர்த்து ஒரே விலை பேசிவிட்டு ஏறுங்கள்.

திரும்பும்போது கருவாடு வாங்காமல் அம்மா விடமாட்டார். விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரமாக இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கும் உப்புக்கும். இரண்டு பையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்து ஆசனத்திலும் ஆள் இருப்பார்.