ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறார்கள். பிறகு ஏன் பலர் மூன்றாம் மாதமே பவுடர் பாலுக்குப் போகிறார்கள்?

கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் “பால் பத்தல”. நிஜமாகவே சுரப்பு குறைந்தவர்கள் உண்டு: பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனவர்கள், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிட்டவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆனால் ‘பத்தல’ என்று சொல்பவர்களில் பலருக்குப் பால் இருக்கிறது. இல்லை என்று வீட்டார் நம்பவைத்துவிடுகிறார்கள்.

முதல் சறுக்கல் பிறந்த மூன்று நாளுக்குள். சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன்தான் வரும். குழந்தையின் வயிற்றுக்கும் அவ்வளவே போதும். நிறையப் பால் இறங்க மூன்று, நான்கு நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் தள்ளிப்போகலாம். அதற்குள் குழந்தையின் எடை 7 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். இது தெரியாத வீட்டுக்குள் பவுடர் டப்பா வந்துவிடுகிறது.

அடுத்தது ஆறாவது வாரம். மார்பு கனம் குறைந்து தளர்ந்துவிடும், குழந்தையோ சாயங்காலமானால் மணிக்கொரு தரம் கேட்டு அழும். “பால் வத்திடுச்சு” என்பார் பாட்டி. தேவைக்கு ஏற்றபடி சுரப்பு சீராகிவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். அப்போது 60 மில்லி பவுடர் பால் புகட்டினால் குழந்தை நன்றாகத் தூங்கும். அந்த வேளைக்கான பால் மார்பிலேயே நிற்கும். காலியாகாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இப்படியே போனால் சில வாரத்தில் பாட்டி சொன்னது உண்மையாகிவிடும்!

அழுகையை வைத்து அளக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர், முதல் மூன்று மாதத்தில் நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை ஏற்றம். இவை இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள். அவரே மேல்பால் கொடுக்கச் சொன்னால் பாலாடையிலோ சங்கிலோ புகட்டி, அதே வேளைக்கு மார்பிலிருந்தும் பீய்ச்சி எடுங்கள்.

வலி தாங்காமல் நிறுத்துபவர்களும் அதிகம். காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். குழந்தை வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பகுதி அதிகம் உள்ளே போகும்படி அணைக்க வேண்டும். தாடை மார்பில் பதியும், கீழுதடு வெளியே மடியும். வலித்தால் வாயோரம் சுண்டுவிரலை விட்டு எடுத்து, மறுபடி வைக்கவும்.

பிறந்ததும் நாக்கில் தடவும் சேனை, கிரைப் வாட்டர், உரைமருந்து, கோடையில் கொதித்து ஆறிய தண்ணீர் எல்லாம் ‘தாய்ப்பால் மட்டும்’ என்பதைச் சத்தமில்லாமல் உடைப்பவை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான், மே மாதத்திலும் அது போதும்.

வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. 2017 முதலே சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததுமே திரும்ப வேண்டும். கட்டட வேலை, வீட்டு வேலை செய்பவர்களுக்கு நடைமுறையில் இதுகூடக் கிடையாது. அந்தச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்குக் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பலர் கேட்பதே இல்லை. கேட்டு வாங்கி, அந்த நேரத்தில் பீய்ச்சி வையுங்கள். 25 டிகிரிக்குள் என்றால் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே ஐஸ் பெட்டியில் போடுவதே நல்லது.