டெய்சி ஹில்லில் கோலா கண்ணில் படவே இல்லையா?

இலைகளுக்குள் தேடாதீர்கள், கிளை பிரியும் கவட்டையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் பக்கத்து டெய்சி ஹில் காட்டில் மதியம் இரண்டு மணி நேரம் சுற்றியும், மரத்திலேயே வாழும் அந்தக் கோலா விலங்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். அது அங்கே இல்லாமல் இல்லை, பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கும். ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி, அசையவே அசையாது, சாம்பல் நிறத்தில் மரத்து முண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அடுத்த முறை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். யூகலிப்டஸ் மரத்தடியில் வேப்பங்கொட்டை அளவில் நீளமான புழுக்கை கிடக்கிறதா? குச்சியால் நசுக்கினால் தைல வாசனை வரும் (மனைவி முகம் சுளித்தால் நான் பொறுப்பல்ல). அப்புறம் வழவழப்பான பட்டையில் நகக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், பாஸம் (possum) என்ற இன்னொரு மரமேறி விலங்கு ஏறினாலும் கீறல் விழும். புழுக்கை பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த மரத்தைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமிருந்தும் பாருங்கள். போவது காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ இருக்கட்டும்.

ஆனாலும் காட்டுக் கோலா, உத்தரவாதம் கிடையாது. குழந்தைகள் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்றால் பிரிஸ்பேனிலேயே உள்ள லோன் பைன் கோலா சரணாலயம் போய்விடுங்கள், 1927 முதல் இருக்கிறது. ஆனால் அங்கே கோலாவைக் கையில் தூக்கிப் படம் எடுப்பதை 2024-லேயே நிறுத்திவிட்டார்கள், அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.