மாத்திரை இல்லையா, வகுப்புதானா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. ஒரு நாள் நான்தான் உலகம் என்பாள், மறுநாள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் ‘உனக்கு நான் வேண்டாம்’ என்று அழுது தீர்ப்பாள். இரண்டு முறை கையைக் கீறிக்கொண்டாள். மனநல மருத்துவர் ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர்’ என்று சொல்லி, டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சைக்கு ஒரு வருடம் போகச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் நடிப்பு என்கிறார்கள். மாத்திரையில் சரியாகாதா?
– வாசகி, திருச்சி

பதில்: நடிப்பு இல்லை அம்மா. அந்தச் சொல்லை முதலில் வீட்டை விட்டுத் துரத்துங்கள். உடம்பெல்லாம் தீக்காயம் பட்டவருக்கு லேசாகத் தொட்டாலே உயிர் போகும், இவர்களுக்கு மனசு அப்படி என்று மார்ஷா லினஹன் ஒப்பிட்டுச் சொல்வார். டி.பி.டி.யை உருவாக்கியவரே அவர்தான்.

இந்தக் கோளாறுக்கென்று தனியாக மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருத்துவர் கொடுப்பார். கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது பேச்சும் பயிற்சியும்தான்.

லினஹன் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1961இல், 17 வயதில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறார் என்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர். பிறகு படித்து, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அதே மாதிரிப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தார். ‘இதை மாற்று, அதை மாற்று’ என்றே ஆரம்பத்தில் போனபோது, ‘அப்போ தப்பு என் மேலேதானா’ என்று அவர்கள் கொதித்தார்கள். சரி என்று வெறுமனே ‘உன் வலி புரிகிறது’ என்று உட்கார்ந்தால், ‘புரிந்து என்ன செய்ய, வலி அப்படியேதானே இருக்கு’ என்றார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் நகரும் என்று அவர் கண்டதுதான் பெயரில் உள்ள அந்த ‘டயலெக்டிகல்’. (தமிழில் இயங்கியல். கம்யூனிஸ்ட் கட்சி வகுப்பு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) தன் சொந்தக் கதையை அவர் ஊரறியச் சொன்னது 2011இல்தான், அதுவும் தான் அடைபட்டிருந்த அதே மருத்துவமனைக்குப் போய்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதே இரண்டுதான். ‘போன் எடுக்கலைன்னதும் பதறிட்டே, புரியுது. ஆனா ஆபீஸ்ல மீட்டிங் இருந்தா எடுக்க முடியாதும்மா’ – இவ்வளவு போதும். பதற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இதெல்லாம் அப்புறம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: மூன்று மாதமாக டி.பி.டி. போகிறேன். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வை என்கிறார்கள், தினமும் கார்டு எழுது என்கிறார்கள். இதற்கா இவ்வளவு காசு?
– வாசகர், கோவை

பதில்: எரிச்சல் நியாயம்தான். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முகத்தை வைத்தால் இதயத்துடிப்பு குறையும். நீரில் மூழ்கும்போது உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. தலைக்கேறிய கோபத்தோடு யாரும் யோசிக்க முடியாது, அதனால் முதலில் உடம்பின் கொதிப்பை இறக்குகிறார்கள். (இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.)

அன்றன்றைய மனநிலையையும் நடந்ததையும் குறித்துவைக்கும் அந்தக் கார்டு எதற்கு என்றால், செவ்வாய்க்கிழமை ராத்திரி வெடித்ததற்குக் காரணம் அன்று காலை சாப்பிடாமல் போனதும், மதியம் நண்பர் பதில் போடாததும், அதற்கு நீங்களாக ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டதும் என்று கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்க்க. வியாழக்கிழமை உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும். இன்னொன்று, காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும்போதே ஆலோசகருக்குப் போன் செய்யுங்கள், முன்னால். செய்துகொண்ட பிறகு 24 மணி நேரத்துக்கு அந்தப் பயிற்சிப் போன் கிடையாது என்பது லினஹன் வைத்த விதி. உயிராபத்துக்கு மட்டும் விலக்கு. கல் நெஞ்சு மாதிரித் தெரியும். அழைக்க வேண்டிய நேரம் எது என்று பழக்கத்தான் அது.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் டி.பி.டி. தருவதாகச் சொல்கிறார். நிஜம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நேராகக் கேளுங்கள். வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, நடுவில் போன் உதவி, ஆலோசகர்களே தங்களுக்குள் கூடிப் பேசும் குழு – முழு டி.பி.டி. என்றால் இந்த நான்கும் உண்டு. இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம். கனடாவில் டொரன்டோவில் 180 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், ஒழுங்காகத் திட்டமிட்ட சாதாரண மனநல சிகிச்சையும் ஒரு வருட முடிவில் டி.பி.டி.க்குச் சமமாகவே பலன் தந்தது. இந்தக் கோளாறைத் தெரிந்த, பாதியில் விட்டுவிடாத ஒருவர் கிடைத்தால் போங்கள்.

கேள்வி: இந்த பார்டர்லைன் கோளாறு ஆயுசுக்கும் போகாதா?
– பெயர் வேண்டாம்

பதில்: போகும். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் 290 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்தது இரண்டு வருடமாவது அந்த நோய்ப் பெயரே பொருந்தாத அளவுக்குத் தேறியிருந்தார்கள். வேலை, உறவு என்று வாழ்க்கையும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் பாதிப்பேர்தான், அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.